பொதிய மலையும் பூத்தோ மலையும்

(ஆலயத் திருவிழாவில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



ஈப்போவிலிருந்து தெற்கே கோலாலம்பூருக்குச் செல்லும் பழைய சாலையில், தாப்பாவைக் கடந்தவுடன் வரும் ஊர் பீடோர். ஒரு காலத்தில் ஈய லம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்திருந்த ஊர். லம்பத்தில் சீனர்களும் தோட்டத்தில் தமிழர்களுமாக உழைத்து வாழ்ந்த அவ்வூரில், 1936ஆம் ஆண்டு, ஈயம் தோண்டும்போது மண்ணுக்கடியிலிருந்து வெண்கலத் திருவுருவம் ஒன்று வெளிப்பட்டது. அதன் உயரம் 79 சென்டிமீட்டர். திருக்கைகள் எட்டு. இடையைச் சுற்றிப் புலித்தோல். ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அதனை மதிப்பிட்டுள்ளனர். தேசிய அருங்காட்சியகத்தின் அரிய உடைமைகளுள் அதுவும் ஒன்று.

புலித்தோல் என்றவுடன் சைவ நெஞ்சில் யாருடைய திருவுருவம் எழும் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அது சிவபெருமான் திருவுருவம் அன்று. பௌத்த சமயத்தின் மகாயானப் பிரிவினர் போற்றும் அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரின் திருவுருவம் அது. போதிசத்துவர் என்பார், புத்த நிலையை அடையும் தகுதி பெற்றும், உலகில் துன்புறும் உயிர்கள் அனைத்தும் கரையேறும்வரை தாம் மட்டும் வீடுபேறு எய்துவதில்லை என்று உறுதி பூண்டவர். அவர்களுள் கருணையே வடிவானவராகப் போற்றப்படுபவர் அவலோகிதர்.

இந்த அவலோகிதரை ஈப்போ வாழ் தமிழர் யாவரும் வேறொரு பெயரில் அறிவர். சீனப் பெருமக்கள் குவான்யின் என்று அழைத்து வணங்கும் கருணைத் தாய் இவரே. குனோங் ராப்பாட் அடிவாரத்துச் சாம் போ தோங் ஆயினும், சீனாவிலிருந்து வந்த பௌத்த அடியார் ஒருவரால் 1926இல் நிறுவப்பெற்ற பேராக் தோங் ஆயினும், இந்நகரைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளின் குகைக் கோயில்கள் பலவற்றிலும் அவ்வன்னையின் திருவுருவைக் காணலாம். அதே சுண்ணாம்புக் குன்றுகளுள் ஒன்றான குனோங் சீரோவில்தான் கல்லுமலை சுப்பிரமணியப் பெருமான் கோயில் கொண்டிருக்கிறான். தைப்பூசத்தன்று காவடி சுமந்து அம்மலையடிக்கு வருவோருள் சீனரும் உண்டு. விரதமிருந்து, மரக்கறி உணவு உண்டு, மஞ்சள் உடுத்தி வருகின்ற அவர்களைக் கண்டு பெருமிதம் கொள்ளாத தமிழர் இலர். குவான்யின் சந்நிதியில் மூன்று ஊதுவத்திகளை ஏந்தி நிற்கும் தமிழ்த் தாய்மாரைக் கண்டால் மட்டும் சிலர் முகம் சுளிப்பர். அது வேறு செய்தி.

மெய்யன்பர்களே, இந்நாட்டில் பல சமயங்கள் அருகருகே வாழ்கின்றன என்பதைச் சொல்ல ஒரு சொற்பொழிவு தேவையில்லை. சந்தைக்குச் சென்று வருகிறவர்க்கே அது தெரியும். தெரிய வேண்டியது வேறொன்று. அருகருகே வாழும் சமயங்கள் தம்முள் எவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன, எவ்விடத்தில் வேறுபடுகின்றன என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல விடை வேண்டும். பேராக்கின் பல தமிழ் இல்லங்களில் இவ்வினா ஏட்டு வினாவாக இல்லை; அடுக்களை வினாவாக இருக்கிறது. அதனைச் சற்று விளக்க வேண்டும்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும், 1948இல் தொடங்கி 1960வரை நீடித்த அவசரகாலத்திலும், வறுமையாலும் அச்சத்தாலும் தம் பெண்மகவை வளர்க்க இயலாத சீனக் குடும்பங்கள் பல, அக்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களிடம் ஒப்படைத்தன. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரச் சீனர்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டபோது, நாட்டிலேயே மிகுதியான புதுக்கிராமங்கள் அமைந்தது பேராக்கில்தான். தோட்டத்து லயத்துக்கும் புதுக்கிராமத்து முள்வேலிக்கும் இடையே பல இடங்களில் நடை தூரமே இருந்தது. அவ்வாறு வந்த பெண்குழந்தைகள் லயத்தில் வளர்ந்து, தமிழ் பேசி, பொட்டிட்டு, மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சி, பால்மரம் சீவி, தமிழரை மணந்து, பேரன் பேத்தி கண்டனர். இன்று அவர்களுள் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோர் முதுமை எய்தியுள்ளனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போக, குடும்பங்கள் நகருக்கு வந்துவிட்டன. அங்கே பூசையறையில் முருகப்பெருமான் படத்துக்கு அருகே, பாட்டி வைத்துச் சென்ற சிறு குவான்யின் சிலை இருக்கிறது. அதனை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா? அது நம் தெய்வமா, அன்றா? மருமகள் கேட்கிறாள், பள்ளியில் படிக்கும் பேரன் கேட்கிறான்.

இக்கேள்விக்கு மேடைகளில் இரண்டு விடைகள் வழங்குகின்றன. எல்லாம் ஒன்றே, குவான்யின் என்றால் என்ன, மாரியம்மன் என்றால் என்ன என்பது ஒரு விடை. நம் சமயத்துக்குப் புறம்பானது, எடுத்துவிடுக என்பது மற்றொன்று. இரண்டும் எளிய விடைகள். இரண்டையும் சொல்வதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை என்பதே அவற்றின் குறை. தமிழ் மரபு தரும் விடை இவ்விரண்டினும் வேறானது. அதனைக் காண ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சோழப் பேரரசன் வீரராசேந்திரன் ஆட்சி புரிந்தது 1063 முதல் 1070 வரை. அவன் காலத்தில் அவன் பெயராலேயே வீரசோழியம் என்னும் இலக்கண நூல் தோன்றியது. இயற்றியவர் பொன்பற்றி என்னும் ஊர்க்குத் தலைவராய் விளங்கிய புத்தமித்திரனார். பெயரே அவர் சமயத்தைக் காட்டும். சைவப் பேரரசன் ஒருவன் பெயரால் பௌத்தர் ஒருவர் தமிழிலக்கணம் செய்தார் என்பதே எண்ணத்தக்கது. அந்நூலின் தொடக்கத்தில் அவர் ஒரு செய்தியைச் சொல்கிறார்: அகத்திய முனிவர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்பது அச்செய்தி.

சைவ மரபு சொல்வது யாவரும் அறிந்தது. கயிலையில் இறைவன் திருமணம் நிகழ்ந்தபோது வடபால் தாழ்ந்து தென்பால் உயர, உலகைச் சமன் செய்ய அகத்தியரைத் தென்றிசைக்கு அனுப்பினான் சிவபெருமான். அவர்க்குத் தமிழை அறிவுறுத்தியவனும் அவனே. முருகப்பெருமான் அறிவுறுத்தினான் என்றும் வழங்குவர். அகத்தியர் வந்தமர்ந்த இடம் பொதிய மலை.

புத்தமித்திரனார் செய்ததை நுணுகி நோக்க வேண்டும். அகத்தியரை அவர் ஒதுக்கவில்லை. தமிழுக்கு முதல் ஆசான் வேறொருவர் என்று புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தவுமில்லை. அகத்தியரை அகத்தியராகவே ஏற்றுக்கொண்டு, அவருக்கு ஆசிரியரை மட்டும் மாற்றினார். தமிழை விட்டு விலகாமல், தமிழுக்குள் தம் சமயத்துக்கு உயரிய இடம் தேடிய முயற்சி அது. சைவர்கள் அதனை ஏற்கவில்லை. ஆயினும் நூலை அழிக்கவுமில்லை. வீரசோழியம் இன்றும் தமிழிலக்கண நூல்களுள் ஒன்றாகப் பயிலப்பெறுகிறது. மறுப்பும் மதிப்பும் ஒருங்கே இருந்த காலம் அது. இராசராச சோழன் தஞ்சையில் பெருவுடையாருக்கு வானளாவிய கோயில் எடுப்பித்தவன். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கியவனும் அவனே. கடாரம் என்பது பேராக்கின் வடக்கே உள்ள இன்றைய கெடா. ஆக, தமிழகத்துச் சைவ மன்னனும் இம்மண்ணின் பௌத்த மன்னனும் கொண்ட உறவு செப்பேட்டில் பொறிக்கப்பட்ட உறவு.

இனி, அவலோகிதரை ஏன் அகத்தியரோடு இணைத்தார் என்று கேட்கலாம். விடை மலையில் இருக்கிறது. பௌத்த நூல்கள் அவலோகிதர் உறையும் இடத்தைப் பொதலகம் என்று சொல்லும். அது தென்னாட்டு மலை. ஏழாம் நூற்றாண்டில், 629 முதல் 645 வரை இந்தியப் பயணம் மேற்கொண்ட சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிபுரம்வரை வந்தார். தெற்கே மலய மலையை அடுத்துப் பொதலக மலை உள்ளது என்றும், அதன் உச்சியில் ஏரியும் அதன் பக்கத்தே தேவரின் கல்மாளிகையும் உண்டு என்றும் தாம் கேட்டறிந்ததை எழுதிவைத்தார். இப்பொதலகம் அகத்தியரின் பொதியிலே ஆகும் என்று ஜப்பானிய அறிஞர் சூ ஹிக்கோசகா முதலியோர் கருதுவர். அஃது உறுதியாயின், அகத்தியரும் அவலோகிதரும் ஒரே மலையில் குடியிருப்போராகின்றனர். அண்டை வீட்டாரிடம் மொழி கற்றார் என்று சொல்வதில் வியப்பென்ன?

யுவான் சுவாங் எழுதிய மற்றொரு செய்தி இதனினும் சுவையானது. அம்மலையடிவாரத்து மக்கள் அவலோகிதரைக் காண வேண்டி வழிபட்டால், அவர் சில வேளை ஈசுவரனாகவும் சில வேளை திருநீறு பூசிய பாசுபதத் துறவியாகவும் காட்சியளிப்பாராம். எழுதியவர் பௌத்தர். ஆகவே, எங்கள் அவலோகிதரே சிவவடிவில் தோன்றுகிறார் என்பது அவர் கொள்கை. மலையடியில் நின்று வணங்கிய தமிழ்ச் சைவரைக் கேட்டிருந்தால், எங்கள் சிவபெருமான் எழுந்தருளியதைத்தான் அவர்கள் அவ்வாறு எழுதிக்கொண்டார்கள் என்று சொல்லியிருப்பார். இருவர் கண்டதும் நீறணிந்த ஒரு திருவுருவம். பெயரிலும் பொருளிலும் இருவரும் வேறுபட்டனர். பீடோரில் கிடைத்த வெண்கலத்தின் புலித்தோல் எங்கிருந்து வந்தது என்பது இப்போது ஒருவாறு விளங்கும். சிவனுக்குரிய கோலங்களை அவலோகிதருக்கும் அணிவிக்கும் வழக்கம் இந்தியாவிலிருந்து கடல் கடந்து, சுமத்திரா, சாவகம், தென்சயாமம் எனப் பரவி, பேராக்கின் மண்ணிலும் இறங்கியிருக்கிறது. சுங்கை சிப்புட்டை அடுத்த ஜாலோங்கிலும் ஒரு வெண்கலம் கிடைத்தது. அது அந்தணத் துறவி ஒருவரின் தோற்றம் உடையது. அகத்தியரோ என்று கருதுவாரும் உளர். பிற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரவிய வட்டாரம் அது. பால்மரம் சீவ வந்த தமிழர், அத்தகைய முனிவரின் திருவுருவம் அம்மண்ணடியில் கிடக்கிறது என்று அறிந்திருக்க வழியில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். அவலோகிதேசுவரர் என்பதில் ஈசுவரன் என்ற சொல் அமைந்திருப்பதைச் செவி உள்ளவர் கேட்பர். நோக்கியருளும் தலைவர் என்பது பொருள். ஆனால் பழைய சுவடிகள் சிலவற்றில் அப்பெயர் ஈசுவரன் என்று முடியாமல், ஒலி எனப் பொருள்படும் சுவரம் என்று முடிகிறது. அப்பழைய வடிவைக் கொண்டே சீனர் மொழிபெயர்த்தனர். குவான்யின் என்றால் உலகின் ஓலத்தைக் கேட்டறிபவர். யுவான் சுவாங் அதனைப் பிழை என்று சொல்லி, தலைவர் என்ற பொருள் வருமாறு புதிய மொழிபெயர்ப்பொன்றைத் தந்தார். சீன மக்கள் அதனை ஏடுகளில் வைத்துவிட்டு, ஓலம் கேட்கும் பெயரையே நாவில் வைத்துக்கொண்டனர். புலவர் திருத்தத்தைத் தாய்மார் ஏற்கவில்லை. நோயுற்ற குழந்தையை மடியில் வைத்திருப்பவளுக்குத் தன் குரலைக் கேட்கும் தெய்வமே வேண்டும்.

சீனாவில் முதலில் ஆண்வடிவினராகவே இருந்த அவலோகிதர், ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டுக்குப்பின் படிப்படியாகப் பெண்வடிவு கொண்டார். செஜியாங் மாநிலக் கடற்கரைக்கு அப்பாலுள்ள தீவொன்று பொதலகத்தின் பெயரால் பூத்தோ மலை என்று பெயர் பெற்று, குவான்யினின் பெருந்திருத்தலமாயிற்று. திபெத்தில் 1645இல் கட்டத் தொடங்கிய பொத்தாலா அரண்மனைக்கும் அதே பெயர். தென்னாட்டு மலையொன்றின் பெயர் இமயத்துக்கு அப்பாலும் கீழைக் கடலிலும் வழங்குகிறது. அப்பூத்தோ மலையின் தெய்வத்தை வணங்கும் சீனர், கப்பலேறி வந்து ஈப்போக் குன்றுகளில் குகைக்கோயில் அமைத்தனர். பொதிய மலையின் முனிவரைப் போற்றும் தமிழர், வேறொரு கப்பலில் வந்து அக்குன்றுகளிலேயே குமரனுக்குக் கோயில் அமைத்தனர். இரு கப்பல்களும் எங்கிருந்தோ எங்கேயோ சென்று சேர்ந்தன என்று எண்ணுவதற்கில்லை.

இதுவரை கூறியவை ஒற்றுமைகள். இவற்றை மட்டும் கேட்டு, எல்லாம் ஒன்றே என்ற விடைதான் சரி என்று முடிவு செய்வது அவசரம். இனி வேற்றுமையைப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வரலாறுகளை அருகருகே வைத்தல் நலம்.

கண்ணப்ப நாயனார் வரலாற்றை விரிக்க வேண்டுவதில்லை. காளத்திநாதன் திருக்கண்ணில் குருதி வழியக் கண்ட அவ்வேடர் பெருமான், தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார். மற்றொரு கண்ணிலும் குருதி வழிய, அதற்கும் தம் மறுகண்ணைத் தர முற்பட்டார். இறைவன் தடுத்தாட்கொண்டான். இனிச் சீனர் சொல்லும் வரலாறு. மியாவ்சான் என்பவள் ஓர் அரசனின் மூன்றாம் மகள். திருமணத்தை மறுத்துத் துறவு நாடினாள். சினந்த தந்தை அவளைக் கொல்லும்படி ஆணையிட்டான். தெய்வத் துணையால் அவள் தப்பி மலையில் தவமிருந்தாள். காலம் சென்றது, அரசனைக் கொடிய நோய் பற்றியது. சினம் சிறிதும் அறியாத ஒருவருடைய கண்ணும் கையும் கொண்டு மருந்து செய்தால் பிழைப்பான் என்றனர். மலையில் இருந்த தவமகள் தன் இரு கண்களையும் இரு கைகளையும் கொடுத்தனுப்பினாள். நலம் பெற்ற அரசன் நன்றி சொல்லச் சென்றபோது, கண்ணும் கையும் இழந்து நின்றவள் தன் மகளே என அறிந்தான். அவளே ஆயிரம் கண்ணும் ஆயிரம் கையும் உடைய குவான்யின் ஆனாள் என்பர். சீனாவின் ஹெனான் மாநிலத்தில் 1100ஆம் ஆண்டில் இவ்வரலாற்றைக் கல்லில் பொறித்து வைத்தனர்.

இரண்டு வரலாறுகளிலும் கண் கொடுக்கப்படுகிறது. இரண்டிலும் கொடுப்பவர் கணக்குப் பார்க்கவில்லை. ஆயினும் கண் யாருக்குச் சென்றது? கண்ணப்பர் கண் இறைவனுக்குச் சென்றது. மியாவ்சானின் கண் நோயுற்ற மனிதனுக்கு, அதுவும் தன்னைக் கொல்லச் சொன்னவனுக்குச் சென்றது. சைவத்தில் அன்பு முதலில் பதியை நோக்கி எழுகிறது. பதியின் அருள் உயிர்கள்மேல் இறங்குகிறது. மகாயானத்தில் எல்லாவற்றையும் படைத்துக் காக்கும் பதி என்று ஒருவர் இல்லை. கருணை உயிரிலிருந்து உயிருக்கு நேரே செல்கிறது. ஒரு காலத்தில் சாதாரண உயிராக இருந்து, உறுதி பூண்டு, பல பிறவிகளில் பயின்று உயர்ந்தவரே போதிசத்துவர். சிவபெருமானோ என்றும் மலத்தொடர்பு இல்லாதவன், பிறப்பிலி. உயர்ந்து ஆனவன் அல்லன்.

இன்னும் ஆழமான வேறுபாடும் உண்டு. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமற்றவை என்னும். உயிர் என்றும் உளது. ஆணவம் நீங்கித் திருவடி சேர்ந்த பின்னும் உளது. பௌத்தமோ நிலைத்த உயிர் என ஒன்று இல்லை என்னும். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் சேர்க்கையே ஆள் என வழங்கப்படுவது என்று அது கொள்ளும். உயிரே இல்லையெனில் கரையேற்றப்படுவது யார் என்று சைவர் கேட்டனர். நிலையான நான் என்று பற்றிக்கொள்வதே துன்பத்துக்கு வேர் அன்றோ என்று பௌத்தர் விடையிறுத்தனர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது போல மேடையில் பேசுவது இருதரப்புச் சான்றோர்க்கும் இழைக்கும் அவமதிப்பு.

இவ்வழக்கைத் தமிழர் நடத்திய முறையே நினைவில் கொள்ளத்தக்கது. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயக் கணக்கரையும் நாடி, அவரவர் கொள்கையை அவரவர் வாயால் கேட்கிறாள். பௌத்த அறத்தை அவள் முழுதுறக் கேட்பது அதன் பின்னரே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் இயற்றியபோது, தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னர்ப் பரபக்கம் என்று ஒரு பகுதி செய்தார். அதில் பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து மறுத்தார். பௌத்தரை ஒரே கூட்டமாகத் தள்ளாமல், சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என நான்காகப் பிரித்து, ஒவ்வொருவரும் சொல்வது யாது எனக் கூறிய பின்னரே மறுப்பில் இறங்கினார். மறுப்பதற்கும் கற்க வேண்டும் என்பது அன்றைய முறை. இன்று அத்துணைப் பெரிய நூலை இளைஞர் படிக்க வேண்டும் என்று கேட்பது மிகை. அண்டை வீட்டார் வணங்கும் தெய்வத்தின் பெயர்ப் பொருளை அறிந்திருக்கச் சொல்வது மிகையாகாது.

பெரிய நூல்களைப் படியாத தோட்டத்து மக்கள் இம்முறையைத் தம் வழக்கத்தாலேயே அறிந்திருந்தனர். சீனர்கள் சாலையோரத்தில் செந்நிறச் சிறுமாடம் அமைத்து வணங்கும் டத்தோ கோங்கை எல்லாரும் கண்டிருப்பர். டத்தோ என்பது மலாய்ச் சொல். அத்தெய்வம் இம்மண்ணின் மலாய்க் காவலர் என்பது சீனரின் நம்பிக்கை. ஆகவே அம்மாடத்தில் பன்றியிறைச்சி படைப்பதில்லை. அக்காவலரின் சமயம் தம் சமயம் அன்று என அறிந்து, அதற்குரிய மரியாதையோடு வணங்குகின்றனர். குவான்யின் அடியார் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. தோட்டத்து எல்லையில் காவல் நிற்கும் முனியாண்டிக்குச் சீனரும் ஊதுவத்தி ஏற்றுவர். அவர்களும் முனியாண்டியை டத்தோ கோங் என்று பெயர் மாற்றுவதில்லை. தமிழ்த் தாய்மார் கோயிலில் செம்பூவும் வெண்பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு உத்தரவு கேட்பர். சீனக் கோயிலில் மூங்கிற் குழலைக் குலுக்கி, விழும் குச்சியின் எண்ணுக்குரிய பாட்டை எடுத்துப் பலன் காண்பர். இரண்டும் ஒன்றா என்றால் அன்று. அங்கே பாட்டும் அதற்குப் பொருள் சொல்வாரும் வேண்டும். இங்கே ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். இரண்டையும் அறிந்த பாட்டிகள் இரண்டையும் குழப்பியதில்லை.

இனி, பூசையறையில் இருக்கும் அச்சிறு சிலைக்கு வருவோம்.

அது மாரியம்மன் அன்று. அதனை மாரியம்மன் என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தால் மாரியம்மனையும் அவன் அறியான், குவான்யினையும் அறியான். அது புறம்பானது என்று எடுத்து எறிந்தால், தன்னைப் பெற்ற குலத்தை முகம் தெரியாமலே இழந்து, வளர்த்த குலத்துக்கு வாழ்நாள் முழுதும் உழைத்த ஒரு தாயின் நினைவை எறிந்ததாகும். இல்வாழ்வான் கடமைகளைச் சொல்ல வந்த திருவள்ளுவர் தென்புலத்தாரை முதலில் வைத்தார். சீனரும் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் தொடக்கத்தில் செங்பெங் நாளில் முன்னோர் கல்லறையைத் தூய்மை செய்து படையலிடுவர். அத்தாயின் பெயரால் தை அமாவாசையில் எள்ளும் நீரும் இறைக்கும் மகன், அவள் வைத்துச் சென்ற சிலைக்கு முன் ஒரு விளக்கும் ஏற்றலாம். அவ்வாறு ஏற்றுபவன், இது பாட்டி பிறந்த குலத்தார் வணங்கும் கருணைத் தெய்வம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் புலவர் ஒருவர் இவரை அகத்தியருக்கே ஆசான் என்றார். நம் சைவப் பெரியோர் அதனை ஏற்கவில்லை. ஏற்காத காரணம் இன்னது என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அத்தனையும் சொல்லக் கால்மணி நேரம் போதும்.

இவ்வாறு செய்வது சைவத்துக்கு இழுக்காகாதா என்று ஐயுறுவோர் உளர். அவர்களுக்கு விடை திருத்தொண்டர் வரிசையிலேயே இருக்கிறது. அறுபத்துமூவர் திருவுருவங்கள் அமைந்த ஆலயங்களில் அவ்வரிசையைச் சுற்றி வருவோர் பெரும்பாலும் நால்வர் முன்னும் கண்ணப்பர் முன்னும் நிற்பர். சாக்கிய நாயனார் முன் நிற்பவர் சிலரே. சங்கமங்கை என்னும் ஊரில் வேளாளர் குலத்தில் பிறந்தவர் அவர். பிறவித் துன்பம் நீங்கும் வழி நாடிக் காஞ்சிபுரம் சென்று, பௌத்தம் பயின்று, சாக்கியத் துறவியானார். பயின்றதனாலேயே ஒரு குறையைக் கண்டார். செய்யப்படும் வினை, செய்பவன், வினையின் பயன், அப்பயனைச் சேர்ப்பிப்பவன் என நான்கு வேண்டும். நான்காமவனைப் பற்றிச் சைவமே சொல்கிறது என்று தெளிந்தார். உள்ளம் சிவபெருமானிடம் சென்றது.

ஆனால் அவர் தாம் உடுத்திருந்த சாக்கிய உடையைக் களையவில்லை. எந்நிலையில் நின்றாலும் எக்கோலம் கொண்டாலும் இறைவன் திருவடியை மறவாமையே பொருள் எனக் கொண்டார். ஒருநாள் வெட்டவெளியில் சிவலிங்கம் ஒன்றைக் கண்டு, அன்பின் மிகுதியால் அருகிலிருந்த கல்லை எடுத்து எறிந்தார். மறுநாள் அந்த எண்ணம் இறைவன் தந்ததே என உணர்ந்து, நாள்தோறும் ஒரு கல் எறிந்த பின்னரே உணவு கொள்வது எனும் நியமம் பூண்டார். பார்த்தவர்க்கு அவர், சிவலிங்கத்தைக் கல்லால் அடிக்கும் பௌத்தர். இறைவனுக்கு அது பூ. ஒருநாள் மறந்து உண்ண அமர்ந்தவர், நினைவு வந்ததும் பசியோடு எழுந்தோடிக் கல்லெறிய, இறைவன் விடைமேல் எழுந்தருளி அவரை ஆட்கொண்டான்.

சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றை மறைக்கவில்லை; உடையை மாற்றி எழுதவுமில்லை. மார்கழி மாதப் பூராட நாளில் சாக்கிய நாயனார்க்குக் குருபூசை. அன்று ஆலயத்துக்கு வருவோர் பிள்ளைகளையும் அழைத்துவந்து, அவ்வரிசையில் அவர் நிற்கும் இடத்தைத் தேடிக் காட்டலாம். அவர் கோலம் சாக்கியக் கோலம். கையில் இருப்பது கல்.